முன்மொழிந்தவர் கையெழுத்து

எனக்கு வாய் நீளம். ஒன்றியக் கவுன்சிலர் தேர்தலுக்கு எங்கள் கட்சிக்குள் யாரை நிறுத்துவது என்று போட்டி வந்தபோது அந்த வாயை நம்பித்தான் இறங்கினேன். அது என்னை எந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியது என்பதை இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

போட்டி எனக்கும் எங்கள் தெருவிலேயே இருக்கும் ஓர் அக்காவுக்கும். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், கட்சிக்கு இருபது வருடம் கொடி பிடித்தவர். மூன்றாம் வகுப்போடு நின்று களையெடுக்கப் போனவர். நான் பட்டம் வாங்கியவள், கட்சிக்கு வந்து ஐந்தே வருடம். ஒரு மாதம் ஊரே இரண்டுபட்டது. அவர் பக்கத்து ஆட்கள் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பினார்கள். நானும் அவர்கள் வீட்டு விசேஷங்களுக்குப் போகவில்லை. டீக்கடை வாசலில் பத்துப் பேர் கூடியிருந்தபோது அவர் படிப்பைப் பற்றி ஒன்று சொன்னேன். அத்தனை பேரும் சிரித்தார்கள். அது அவர் காதுக்குப் போகாமல் இருக்குமா? கிளைச் செயலாளர்கள் ஏழு பேர் சீட்டு எழுதிப் போட்டார்கள். எனக்கு நான்கு, அவருக்கு மூன்று.

இந்த இழுபறியில் மனுத்தாக்கலுக்குக் கடைசி நாள் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை. ராகுகாலம் கழியட்டும் என்று பன்னிரண்டுக்கு மேல்தான் வேன் கிளம்பியது. தோற்றவரையும் கூட்டிக்கொண்டு போகும்படி கட்சியில் சொல்லியிருந்தார்கள். வேனில் இடமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். வேன் நிறைய ராஜபாளையத்திலிருந்து வந்த என் பிறந்த வீட்டு ஆட்கள். எனக்கு ஓட்டுப் போட்டவர்களைச் சாயங்கால ஊர்வலத்துக்குக் கொட்டும் கொடியும் ஏற்பாடு பண்ணச் சொல்லி ஊரிலேயே விட்டிருந்தேன். என்னை முன்மொழிந்து கையெழுத்துப் போட ஊர்க்காரர் யார்மேலும் நம்பிக்கையில்லை. அதனால் என் நாத்தனாரைப் பிடித்தேன். சொந்தம் காலை வாரிவிடாது என்ற நினைப்பு.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஒன்றிய அலுவலகத்தில் எங்கள் முறை வந்தபோது மணி இரண்டேகால். படிவத்தைச் சரிபார்த்தவர் வாக்காளர் பட்டியலைப் புரட்டினார். மறுபடியும் புரட்டினார். முன்மொழிபவர் பெயர் இந்த வார்டிலேயே இல்லையே என்றார். நாத்தனார் முகம் வெளுத்துவிட்டது. போன வருடம் ராஜபாளையத்தில் மாமியார் வீட்டு முகவரிக்கு ஓட்டை மாற்றியிருக்கிறாள் பாவி. மாற்றியது எனக்கும் தெரியும். யாரை நம்பக் கூடாது என்றே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவளுக்கு அது எங்கே உறைக்கப் போகிறது?

மூன்று மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். புதுப் படிவம் எழுத நேரமிருந்தது. ஆனால் கையெழுத்துக்கு எங்கள் வார்டு ஆள் வேண்டும். என் கணவர் பட்டாளத்தில், எல்லையில் இருந்தார். ஊருக்குப் போய்வர ஒரு மணி நேரம் ஆகும். மனு போகவில்லையென்றால் அந்த வார்டில் கட்சிக்கு ஆளே கிடையாது.

வாசலுக்கு ஓடினேன். எதிரே வேப்பமரத்தடியில் அந்த அக்கா நின்றிருந்தார். கட்சி வரச் சொன்னதென்று பஸ் ஏறித் தனியாக வந்திருக்கிறார். கிட்டே போய் நடந்ததைச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"டீக்கடையில என்னமோ சொன்னியாம்ல. அதை என் மூஞ்சிக்கு நேரா சொல்லு."

பக்கத்தில் நாத்தனார், இரண்டு போலீஸ்காரர்கள், வேறு கட்சிக்காரர்கள். மணி இரண்டு முப்பத்தைந்து. மனசாட்சி இல்லாதவள் என்று அந்த அக்காமேலேயே கோபம் வந்தது. பிறகு அதுவும் போய் வெட்கம் மட்டும் மிஞ்சியது. அன்றைக்கு அவரை 'அவள்' என்றுதான் சொல்லியிருந்தேன். அதை இப்போது மாற்றிச் சொல்லத் துணிவில்லை.

"அவளுக்குக் கையெழுத்துப் போடவே பொழுது சாஞ்சிரும், அவளா கவுன்சிலருன்னு சொன்னேன்க்கா."

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான்."

அக்கா முந்தானையை இழுத்துச் செருகினார். "வா. எங்க போடணும்னு காட்டு."

உள்ளே என் தம்பி புதுப் படிவத்தை எழுதி முடித்திருந்தான். அக்கா மேஜைமேல் குனிந்தார். ஓர் எழுத்துப் போட்டார், பேனாவைத் தூக்கினார், பார்த்தார், அடுத்த எழுத்து. சுவர்க் கடிகாரத்தில் பத்து நிமிடம்தான் மிச்சம். சீக்கிரம் என்ற சொல் என் தொண்டை வரை வந்தது. விழுங்கிக்கொண்டு நின்றேன். கடைசிப் புள்ளியையும் வைத்துவிட்டுத்தான் பேனாவை மூடினார். மனுவை வாங்கிக்கொண்டார்கள்.

திரும்பும்போது வேனில் அவரை முன்சீட்டில் உட்கார வைத்தேன். என் வீட்டு ஆட்கள் பின்னால் நெருக்கியடித்துக்கொண்டார்கள். ஊர்வலம் டீக்கடைக்கு வந்ததும் வேனை நிறுத்தச் சொல்லி மைக்கை வாங்கினேன். இதே இடத்தில் இந்த அக்காவைக் கேவலமாகப் பேசினேன், இன்றைக்கு என் மனு நிற்பது அவர் தயவில்தான் என்றேன். ஊரறிய மைக்கைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அக்கா என் கையிலிருந்து மைக்கை எடுத்தார். நான் கட்சிக்கு வந்த ஐந்து வருடத்தில் அவர் மைக் பிடித்துப் பார்த்ததில்லை.

"எல்லாரும் இவளுக்கே போடுங்க," என்றார். "நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்."