துசியந்தி கண்ட கூரை

கிழக்கு லண்டனில் இருந்த அந்தப் பழைய நீதிமன்றத்தைத் துசியந்தி பதினாறு வருடம் கூட்டித் துடைத்தாள். நூறு வருடத்துக்கு மேற்பட்ட செங்கல் கட்டடம். வாசலில் வெள்ளைக் கல் தூண்கள். உள்ளே இரண்டு படிக்கட்டுகள்: நீதிபதிக்கு ஒன்று, வழக்குக்கு வரும் சனத்துக்கு இன்னொன்று. இரு பகுதியும் வழியில் முகத்துக்கு முகம் பார்க்கக்கூடாதென்று அப்படிக் கட்டியிருந்தார்கள். இரண்டிலும் தினமும் ஏறி இறங்கியவள் தான் ஒருத்திதான் என்று மனோர் பார்க் வீட்டில் சொல்லிச் சிரிப்பாள்.

பிறகு நீதிமன்றத்தை மூடினார்கள். துப்புரவுக் கம்பனி அவளை வேறொரு அலுவலகத்துக்கு மாற்றியது. ஒருநாள் பஸ்ஸுக்கு நிற்கும்போது, விளக்குக் கம்பத்தில் கட்டியிருந்த கவுன்சில் அறிவித்தல் கண்ணில் பட்டது. நீதிமன்றத்தின் முன்சுவரை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தை இடித்து எட்டு மாடி வீடுகள் கட்டப்போகிறார்களாம். வீடு கட்டுகிறவர்கள் அமர்த்திய கட்டட நிபுணரின் அறிக்கையைப் போனிலேயே தேடி வாசித்தாள். 'பெரிய மண்டபத்தின் பழைய கூரை எழுபதுகளிலேயே அழிக்கப்பட்டுவிட்டது. உள்ளே காக்கத் தகுந்தது எதுவுமில்லை.'

"பச்சைப் பொய்!" என்று பஸ் தரிப்பிடத்திலேயே வாய்விட்டுச் சொன்னாள்.

ஏழு வருடத்துக்கு முன் ஒரு மாரியில் மண்டபத்தில் மேல்கூரையை மறைத்துப் பொருத்தியிருந்த தட்டுக்கூரை ஒழுகி, ஒரு தட்டு ஊறி விழுந்தது. வாளி வைக்க ஏணியில் ஏறியவள், அந்த ஓட்டைக்குள் தலையை விட்டுப் பார்த்தாள். மேலே இருட்டுக்குள் ஒரு கண்ணாடிக் குவிமாடம் முழுசாக நின்றது. அதைச் சுற்றிச் சாந்தில் செய்த இலைக்கொத்துகள். போனில் நாலு படம் எடுத்தாள். மறுநாள் யாரோ வந்து புதுத் தட்டொன்றைச் செருகிவிட்டுப் போனார்கள்.

அவள் கவுன்சில் கூட்டத்தில் பேசப் பெயர் கொடுத்த செய்தி துப்புரவுக் கம்பனியின் மேற்பார்வையாளன் நிஷாந்தனுக்கு எட்டியது.

"அக்கா, உங்களுக்கேன் இந்த வேலை? வீடு கட்டுற ஆக்களின்ர மற்றக் கட்டடங்களைக் கூட்டுறதும் எங்கட கம்பனிதான். நீங்கள் கதைச்சா வேலை போயிடும்."

"போனாப் போகட்டும். நான் கதைக்கத்தான் போறன்."

"கட்டடக்கலையைப் பற்றி உங்களுக்கென்ன தெரியும்?"

"ஒண்டும் தெரியாது, தம்பி. கண் தெரியும்."

கூட்டத்தில் ஒவ்வொருவருக்கும் மூன்று நிமிடம். எந்தச் சங்கத்தின் சார்பில் வந்திருக்கிறீர்கள் என்று தலைவி கேட்டாள்.

"ஒரு சங்கமும் இல்லை. அங்கே கூட்டினவள்" என்றாள் துசியந்தி, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில். பெரிதாக்கி எடுத்த நாலு படங்களையும் மேசையில் பரப்பி, அங்கே இருந்த நிபுணரைக் காட்டினாள். "கூரை இல்லையென்று இந்த ஐயா எழுதியிருக்கிறார். நான் ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன். அவர் ஏறினாரா என்று கேளுங்கள்."

ஒரு கவுன்சிலர் அப்படியே கேட்டார். நிபுணர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பழைய அறிக்கையொன்றைப் பார்த்துத்தான் எழுதினேன் என்றார். நேரில் பார்க்கும்வரை முடிவைத் தள்ளிவைக்க ஏழு பேர் கை தூக்கினார்கள். இரண்டு பேர் எதிர்த்தார்கள்.

மூன்று கிழமைக்குள் கவுன்சில் அதிகாரிகள் தட்டுகளைக் கழற்றினார்கள். குவிமாடத்தில் இரண்டே இரண்டு கண்ணாடிதான் வெடித்திருந்தது. மண்டபத்தை இடிக்க ஏலாது, வரைபடத்தை மாற்றிக் கொண்டு வாருங்கள் என்று கவுன்சில் எழுதிவிட்டது. பின்பக்கத்தில் வீடுகள் வரத்தான் போகின்றன. அதை அவளால் தடுக்க முடியவில்லை.

அதற்குள் கம்பனி அவளை வேலையிலிருந்து நிறுத்தியிருந்தது. காரணம், 'வாடிக்கையாளருக்கு எதிராக நடந்துகொண்டது'. ஒரு வெள்ளிக்கிழமை நிஷாந்தன் போன் எடுத்தான். குரல் இறங்கியிருந்தது.

"அக்கா, மன்னிப்புக் கேட்டு ரெண்டு வரி எழுதித் தாங்கோ. திரும்ப எடுப்பினம். நான் கதைச்சு வைச்சிருக்கிறன்."

"உம்மில எனக்குக் கோவமில்லை, தம்பி. ஆனா பிழை விட்டவை எழுதட்டும். நான் எழுத மாட்டன்."

போனை வைத்தாள். ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு பள்ளிக்கூடத்தைக் கூட்ட ஆள் தேடினார்கள். விண்ணப்பத்தில் முந்தைய வேலையை விட்ட காரணம் கேட்டிருந்தது. 'உண்மை சொன்னதால் நிறுத்தினார்கள்' என்று பெரிய எழுத்தில் எழுதி அனுப்பினாள். திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொன்னார்கள்.