தட்டில் காயலைக் காட்டியவர்

எஞ்சினியர் அம்புஜம் மேடம் இறந்த செய்தி ஆலுவாவிலிருந்து வந்த சரக்கு லாரியோடுதான் மட்டாஞ்சேரிக்கு வந்தது. "முன்னே இங்க தட்டுல தண்ணி ஊத்திக் காட்டுனாங்களே, அந்தம்மா போயிட்டாங்க அண்ணாச்சி" என்றார் டிரைவர். எடையில் இருந்த சுக்கு மூட்டையை இறக்கி வைக்கச் சொன்னேன். பக்கத்துச் சரக்குக் கிட்டங்கிகளில் வேலை நிற்கவில்லை.

எழுபதுகளில் கடல் ஏறும் நாட்களில் காயல் தண்ணீர் வாய்க்கால் வழியாக நம் கடைகளுக்குள் வரும். வாய்க்கால் முகத்தில் ஒரு கதவு வைத்து, கடல் ஏறும்போது மூடிவிடுவது திட்டம். அதை விளக்கத்தான் அரசாங்கத்தில் மேடத்தை நம் வியாபாரிகள் சங்கத்துக்கு அனுப்பினார்கள். சுள்ளிக்கல்லில் வாடகை வீடு, பாலக்காட்டுத் தமிழ். கொண்டுவந்த வரைபடத்தை அவர் விரிக்கவே இல்லை. சாயாக்கடையிலிருந்து ஒரு தகரத் தட்டு வாங்கிவரச் சொல்லி, நடுவே பலகைத் துண்டை நிறுத்தினார். ஒரு பக்கம் காயல், மறுபக்கம் பஜார். பஜாரில் நம் சரக்காக நாலு சுக்குத் துண்டு. காயல் பக்கம் தண்ணீர் ஊற்றினார். சுக்கு நனையவில்லை. கைதட்டினோம்.

"இருங்கோ" என்று பஜார் பக்கமும் ஊற்றினார். "இது மழை. கதவு மூடியிருக்கு. எங்கே போகும்?"

சுக்கு முங்கியது. காயலில் நனைந்தால் விதி என்று விட்டுவிடுவோம், உங்கள் கதவால் நனைந்தால் யாரைத் திட்டுவது என்று ஒருவர் கிண்டலாகக் கேட்டார்.

"என்னைத்தான். அதுக்குத்தான் பம்பு கேக்கறேன்."

புரிந்ததா என்று அவர் யாரையும் கேட்டதில்லை. "கேட்டா எல்லாரும் தலையாட்டுவா" என்பார். ஒருவரை எழுப்பி, "நீங்க சொல்லுங்கோ" என்பார். அன்று எழுந்தவர் சங்கச் செயலாளர், மிளகு வியாபாரி குமாரசாமி. கதவு மட்டும் போதாது, மழைத் தண்ணீரை வெளியே இறைக்கப் பம்பும் வேண்டும் என்று பிசகில்லாமல் திருப்பிச் சொன்னார்.

பம்பு அறைக்கு எடுக்கப்போகும் இடம் தன் கிட்டங்கிக்குப் பின்புறம் என்று தெரிந்ததும் அதே குமாரசாமி மேடத்துக்கு மேலே இருந்த பெரிய அதிகாரியைப் போய்ப் பார்த்தார். அடுத்த கூட்டத்துக்கு அதிகாரியே வந்தார். சுவர் நிறைய வரைபடம், ஒரு மணி நேரம் இங்கிலீஷ். பம்பு என்ற பேச்சே இல்லை. நான் எழுந்து கேட்டேன். "உக்காரும் அண்ணாச்சி, இதென்ன சுக்கு காயவைக்கிற வேலையா?" என்றார்கள் சங்கத்தார். ஒன்றும் விளங்கவில்லை, ஆகவே பெரிய விஷயமாகத்தான் இருக்கும் என்று சங்கம் சம்மதித்தது.

கதவு வந்தது, பம்பு வரவில்லை. ஜூன் பிறந்ததும் வந்த முதல் இடவப்பாதி மழையிலேயே தட்டில் பார்த்ததைத் தெருவில் பார்த்தோம். விசாரணை வைத்தார்கள். குமாரசாமி நிதானமாக எழுந்து, அந்தம்மா எங்களுக்குப் புரியும்படி எதையும் சொல்லவில்லை என்றார். அன்று அவரே திருப்பிச் சொன்னதை நான் எடுத்துச் சொன்னேன். சங்கத்தில் வேறு ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

திட்டத்தைப் பொதுமக்களுக்கு விளங்கும்படி எடுத்துரைக்கத் தவறினார் என்று எழுதி, மேடத்தை மலைப் பக்கம் மாற்றினார்கள். போகும் முன் கடைக்கு வந்தார். "தப்பாக் கட்டினேன்னு எழுதியிருந்தாக்கூடப் பொறுத்துப்பேன், அண்ணாச்சி. சொல்லத் தெரியாதவள்னு எழுதிட்டாளே." அதன்பிறகு அவர் எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்கவில்லை என்று கேள்வி.

போன ஞாயிற்றுக்கிழமை சங்கத்தில் இரங்கல் கூட்டம். 'கடினமானதையும் பாமரனுக்குப் புரியவைத்த மேதை' என்று குமாரசாமி பேசினார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

மேடத்திடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அந்த ஒரு கேள்விதான். இதைப் படிக்கும் சங்கத்தாரை நான் புரிந்ததா என்று கேட்கப்போவதில்லை. கதவு மூடியிருக்கிறது, மழை பெய்கிறது. தண்ணீர் எங்கே போகும்? குமாரசாமி அண்ணே, நீங்க சொல்லுங்கோ.