மேசைக்கடியில் பாம்பு

துபாஷி வேலைக்கு வரும் பிள்ளைகளுக்காக இதை எழுதி வைக்கிறேன்.

1. சிரிப்பு

பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்தர்களுக்குப் பேச்சை மொழிபெயர்த்துச் சொல்ல நாங்கள் இரண்டு துபாஷிகள். நான் தோணிரேவு மீனவர் வீட்டுப் பிள்ளை. வேங்கடம் ஊருக்குள் துணி வியாபாரக் குடும்பம். எங்களுக்கு ஒல்லாந்தர் பாஷை தெரியும் என்பதால், ரகசியம் பேசவேண்டுமானால் கோட்டைத் தலைவரான துரையும் வைத்தியரும் லத்தீனுக்குத் தாவிவிடுவார்கள். ஒருநாள் அப்படிப் பேசிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். வேலையைவிட்டு நிறுத்தப்போகிறார்களோ? அன்றைக்கே லத்தீன் கற்றுக்கொள்வது என்று முடிவு செய்தேன்.

2. மருந்தறை

வைத்தியர் நண்டுப் பிரியர். ஒரு கூடை நண்டோடு போய்க் கேட்டேன்; மத்தியானங்களில் மருந்தறையில் ரகசியமாகப் பாடம் நடந்தது. அக்வா என்றால் தண்ணீர், அக்வாம் என்றால் தண்ணீரை. நம் வேற்றுமை போலச் சொல்லின் வால் மாறுவதால் சீக்கிரம் பிடிபட்டது. ஒருநாள் மட்டும் பாம்பு, மேசை, அடியில் என்ற மூன்றையே திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார். ஏனென்று கேட்டால், மறுபடியும் முதலிலிருந்து சொல்லச் சொன்னார்.

வேங்கடம் மோப்பம் பிடித்தான். "இன்னாடா, உன் மேல கற்பூரத் தைலம் வாசன அடிக்குது?"

"முட்டி வலிப்பா. வைத்தியராண்ட வாங்கித் தடவிக்கினேன்."

அவன் மேலும் அதே வாசனைதான். அவனுக்கும் முட்டி வலி போலும் என்று விட்டுவிட்டேன். கோட்டையில் எல்லாரையும் சந்தேகப்பட்டவன், அதைச் சந்தேகப்படவில்லை.

3. பாம்பு

துரை லத்தீனில் பேசிய துணி விலை கடைத்தெருவில் அடிபட்டது. நான் யாரிடமும் மூச்சுவிட்டதில்லை. ஆனாலும் துரைக்கு எங்கள் இருவர்மேலும் கண். ஒற்றன் என்று முடிவானால் வேலை மட்டுமா போகும்? கோட்டைச் சிறைதான்.

ஒரு காலையில் நாங்கள் மேசையோரம் நின்றிருந்தோம். துரை உப்பு மூட்டைகளைப் பற்றி ஒல்லாந்தர் பாஷையில் பேசிக்கொண்டே, குரல் மாறாமல், "செர்பென்ஸ் சுப் மென்சா எஸ்த்" என்றார். மேசைக்கடியில் பாம்பு இருக்கிறது!

"ஐயோ!" என்று வேங்கடம் பின்னால் துள்ளினான். நான் அசையவில்லை. கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். என் நைனா வலையில் சிக்கும் தண்ணிப்பாம்பை வாலைப் பிடித்து ஏரியில் வீசுவதைப் பார்த்தே வளர்ந்தவன் நான். பாம்புக்கு என் கால் நகராது. துரையின் கண்ணைப் பார்த்துத்தான் எனக்குப் பயம்.

மேசைக்கடியில் ஒன்றுமில்லை. சிப்பாய்கள் வேங்கடத்தை இழுத்துப்போனார்கள். வாசலில் திரும்பி, "உனக்கும் புரிஞ்சிதுதானே? சொல்லுடா!" என்றான்.

"இன்னா புரிஞ்சுதுன்ற?" என்றேன். சொன்ன பிறகு எனக்கே வெட்கமாக இருந்தது.

மறுநாள் வைத்தியர் தானே என்னைத் தேடி வந்தார். "இனி ஒரு கூடை போதாது. வேங்கடம் கொடுத்துவந்ததையும் சேர்த்து நீயே கொண்டுவா" என்றார். துரையின் சோதனை அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது; அதனால்தான் அந்த மூன்று சொற்கள்.

பிள்ளைகளே, யாரிடம் பாடம் கேட்டாலும் சரி, அவர் இன்னும் யாருக்குச் சொல்லித்தருகிறார் என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். துரையும் வைத்தியரும் முதலில் என்னைப் பார்த்து ஏன் சிரித்தார்கள் என்பது எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. நண்டு மட்டும், நான் வேலையில் இருந்தவரை இரண்டு கூடையாகவே போய்க்கொண்டிருந்தது.