இரண்டு பேரைக் கடித்த அரணை

அரணை என் சுட்டுவிரலைக் கவ்விய அந்தக் காலைப்பொழுது இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வன்னியில் அக்கராயனில் ஓலைக் கொட்டில் போட்டு இருந்த காலம். மகள் பிறந்து மூன்று மாதம். அடுப்புக்கு விறகு இழுத்தபோது, பளபளவென்று ஒரு பழுப்பு உடம்பு விரலில் தொங்கிவிட்டு விறகுக்குள் நுழைந்தது. அரணை கடித்தால் உயிர் தங்காது என்று கேட்டு வளர்ந்தவள் நான். அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். மாமி தலையிலடித்துக் குழறினார். கணவர் மாட்டுவண்டில் பிடிக்க ஓடினார். சாவதற்கு நான் அரைவாசி சம்மதித்தும் விட்டேன். பிள்ளை பாலுக்கு வீரிட்டபோதுதான் நெஞ்சு உடைந்தது. "நஞ்சு பாலிலை இறங்கியிருக்கும், நான் குடுக்கமாட்டன்" என்று அழுதேன். பால்மா என்பது அந்த நாட்களில் கடையில் கண்ணால் காண முடியாத பொருள்.

அடுத்த வளவில் இருந்தவர் மலையகத்து அக்கா. கலவரத்துக்குப் பயந்து தேயிலைத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்த குடும்பம். மிளகாய்த் தோட்டத்தில் என்னோடு களை பிடுங்குபவர். சத்தம் கேட்டு ஓடிவந்தவர், கடித்தது எது என்று மட்டும் கேட்டார். "அரணையா? எங்க மலையில கொழுந்து பறிக்கிறப்ப கால்ல ஏறி ஓடும். கடிச்சும் இருக்கு. ஒண்ணும் ஆகாது தங்கச்சி, புள்ளைக்குப் பாலக் குடு." நான் அசையவில்லை. அக்கா விறகை ஒவ்வொன்றாகப் புரட்டினார். அரணையைக் கழுத்தில் பிடித்துத் தூக்கி, தன் சின்னவிரலை அதன் வாய்க்குள் கொடுத்தார். அதுவும் குறை வைக்காமல் கடித்தது. "முதல்ல எனக்கு என்ன ஆகுதுன்னு பாரு" என்று என் முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்து, வெற்றிலையைப் போட்டுக்கொண்டு தோட்டத்துக் கதைகளை அவிழ்த்துவிட்டார். மாமிகூடக் குழறலை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார். அக்கா மூன்றாவது கதைக்குப் போனபோது நான் பிள்ளையை எடுத்து மடியில் போட்டேன். வண்டிலோடு வந்த கணவருக்குத் தேநீர்தான் கொடுக்கவேண்டியிருந்தது.

அந்த மகள் இப்போது விலங்கியல் படிப்பிக்கிறாள். போன மாதம் நாங்கள் இருவரும் அக்காவிடம் போயிருந்தபோது, கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். "பெரியம்மா, உங்கட மலை அரணை இதுதானே? இது அந்த மலைப்பக்கம் மட்டுந்தான் இருக்கும். உங்களைக் கடிச்சது வேற இனம்."

அக்கா படத்தைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். "இதேதான். இங்க உள்ளது வேறன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். நிறமும் வேற, தடிப்பும் வேற. அது கடிச்சா என்ன ஆகும்னு எனக்கும் தெரியாது."

நஞ்சில்லை என்று தெரிந்துதான் விரலைக் கொடுத்தார் என்று நினைத்து, இத்தனை வருடமும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவள் நான். "பிறகேன் அக்கா விரலைக் குடுத்தனீங்கள்?" என்றேன்.

அவர் மகளைக் காட்டினார். "இவ பசியில அழுதாளே."