பாயின் கிதாரில் இருந்த பள்ளம்

பீளமேட்டில் மோட்டார் பம்ப் செய்யும் ஒரு கம்பெனியில், மோட்டாருக்குக் கம்பி சுற்றும் வைண்டிங் பிரிவில் இருக்கிறேன். பகல் முழுக்கச் செம்புக் கம்பியோடுதான் பிழைப்பு. எலக்ட்ரிக் கிதாரில் தந்திகளுக்கு அடியில் பிக்கப் என்று ஒன்று இருக்கும். காந்தத்தின் மேல் முடியை விட மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றியிருப்பார்கள். தந்தியின் அதிர்வைப் பிடித்து ஸ்பீக்கருக்கு அனுப்புவது அதுதான். உறவினர் வீட்டில் கெட்டுப்போய்க் கிடந்த ஒரு கிதாரைப் பிரித்துப் பார்த்த அன்று, அட, இது நம்ம வேலைதானே என்று தோன்றியது. அப்படி ஆரம்பித்தது. மொட்டை மாடியில் துணி காயப்போடும் தகரக் கொட்டகை என் பட்டறையாகி ஒன்பது வருடம் ஆகிறது.

எனக்கு வாசிக்கத் தெரியாது. நாலைந்து தந்திகளைச் சேர்த்து அழுத்தி மீட்டுகிற கார்டு என்பதில் மூன்று தெரியும், அதுவும் தடுமாறித்தான். ஆனால் மரத்தை இழைக்கவும், பிக்கப் சுற்றவும், பெயின்ட் அடிக்கவும் கை பழகிவிட்டது. செய்வதையெல்லாம் வீடியோ எடுத்துப் போடுவேன். வேலைக்கு முன், வேலைக்குப் பின் என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் ஜனங்களுக்குப் பிடிக்கிறது. பாராட்டிப் பாராட்டி எனக்கும் கொஞ்சம் தலை கனத்துப் போயிருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பாய் வந்தார். ஆர்.எஸ்.புரத்தில் இசைக்கருவி விற்கும் கடையில் என் நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள். ஐம்பது வயதிருக்கும். கோட்டைமேட்டில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடை வைத்திருக்கிறார். முகூர்த்த நாட்களில் ஒரு லைட் மியூசிக் குழுவில் கிதார் வாசிப்பார். உறையைப் பிரித்துக் கிதாரை என் மேஜை மேல் வைத்தார். சிவப்புப் பெயின்ட் உரிந்து, ஓரமெல்லாம் மங்கிப்போன பழைய உள்நாட்டுக் கிதார்.

“வால்யூம் திருகுனா கரகரங்குதுங்க சார். அதை மட்டும் பார்த்துக் குடுத்தீங்கன்னாப் போதும்.”

“அதை மட்டும் எதுக்குங்க பாய்? எல்லாத்தையும் ஒருக்கா பார்த்துப்போடறேன்.”

“மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க. நெக்குக்குப் பின்னால ஒரு பள்ளம் இருக்குமுங்க, அது வந்து…”

“நான் பார்த்துக்கறேனுங்க பாய். நீங்க உடுங்க.”

அவர் என் மனைவி கொண்டுவந்த டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினார். அரைமணி நேரம் எதிரில் உட்கார்ந்திருந்த மனுஷர். அவர் கையை நான் பார்க்கவே இல்லை. கிதாரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வால்யூம் கோளாறு பத்து நிமிட வேலை. குமிழுக்கு அடியில் இருந்த பாகத்தை மாற்றினேன், சரியாகிவிட்டது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் நல்ல வீடியோவுக்கு ஏற்ற கிதார் கையில் சிக்கியிருக்கிறது, விட மனசில்லை. பழைய பெயின்ட்டை மரம் தெரிகிற வரைக்கும் சுரண்டினேன். நானே சுற்றிய புதுப் பிக்கப்புகளைப் பொருத்தினேன். பிறகு நெக்கைத் திருப்பினேன். நெக் என்பது இடது கையால் பிடிக்கிற நீளக் கட்டை. அதன் முதுகு வழுவழுவென்று உருண்டிருக்க வேண்டும். இதில் மேல் பாதியில் ஒரு சாண் நீளத்துக்குக் கோணல்மாணலாக ஒரு பள்ளம். கேமராவை அதன் அருகே கொண்டுபோய், “எந்தப் புண்ணியவான் இதை அருவாளால கொத்துனானோ தெரியலீங்க” என்று சொல்லிச் சிரித்தேன். எபாக்ஸிப் பசையில் மரத்தூளைக் குழைத்துப் பள்ளத்தை அடைத்தேன். காய்ந்ததும் முழு நெக்கையும் இன்னும் கொஞ்சம் இழைத்து மெலிதாக்கி, உப்புத்தாள் போட்டு, வார்னிஷ் அடித்தேன். கண்ணாடி மாதிரி வந்தது. நான் போட்டதிலேயே அதிகம் பேர் பார்த்த வீடியோ அது. அந்தப் புண்ணியவானைப் பற்றி வந்த கிண்டல்களுக்கெல்லாம் நானும் சிரிப்புப் பொம்மை போட்டேன்.

ஒரு மாதம் கழித்து பாய் வந்து வாங்கினார். கிதாரைத் திருப்பி, நெக்கின் முதுகை விரல்களால் மெல்லத் தடவினார். ஒரு முறை தடவி, மறுபடியும் தடவினார்.

“எப்பிடிங்க பாய்?” என்றேன்.

“ரொம்ப மெனக்கெட்டிருக்கீங்க சார்,” என்றார். “புதுசாட்ட இருக்குதுங்க.”

அதை நான் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

அடுத்த முகூர்த்தத்தில் என்னுடன் வேலை பார்ப்பவரின் தங்கைக்குக் காங்கேயத்தில் கல்யாணம். முந்தின நாள் சாயங்கால வரவேற்புக்குப் போனால், மேடையில் பாயின் குழு. என் கிதார் விளக்கு வெளிச்சத்தில் மின்னிக்கொண்டிருந்தது. ஆமாம், என் கிதார் என்றுதான் நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கம்பெனிக்காரர்களிடம், “அது நாஞ்செஞ்சதுங்க” என்று சொல்லி ஃபோனில் வீடியோவையும் காட்டினேன்.

முதல் பாட்டிலேயே பாய் தடுமாறினார். கார்டு மாற்றும் இடங்களில் கை வழுக்கியது. நாதம் பாதியில் அறுந்து நின்றது. கீபோர்டுக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். மூன்றாவது பாட்டின் நடுவில் பாய் கிதாரைக் கழற்றி ஸ்டாண்டில் வைத்துவிட்டு, ஓரமாக உட்கார்ந்து கஞ்சிரா தட்ட ஆரம்பித்தார்.

“என்னங்க, உங்க கிதாரு மக்கர் பண்ணுதா?” என்றார் பக்கத்தில் இருந்தவர்.

“கிதாரு நல்லாத்தானுங்க இருக்குது. வாசிக்கறவருக்குத்தான் கை வரலையாட்ட இருக்குது,” என்றேன். இதை எழுதும்போதும் காது சுடுகிறது.

பந்தியில் எனக்கு எதிர் வரிசையில் பாய்க்கு இடம் கிடைத்தது. என்னைப் பார்த்து, “வாங்க சார், நல்லாருக்கீங்களா?” என்றார். வலது கையால் சாப்பிட்டுக்கொண்டே தண்ணீருக்காக இடது கையை நீட்டினார். டம்ளரை நான்கு விரல்களாலும் உள்ளங்கையோடு அணைத்துத் தூக்கினார். கட்டைவிரல் இருக்க வேண்டிய இடத்தில் பாதியோடு வெட்டுப்பட்ட மொட்டைதான் இருந்தது.

கிதார் வாசிக்கும்போது கட்டைவிரல் நெக்கின் முதுகில்தான் ஊன்றும். ஊன்ற விரல் இல்லாதவருக்கு, அந்த மொட்டை வழுக்காமல் உட்கார ஒரு பள்ளம் வேண்டும். அவர் அதைச் சொல்லத்தான் வாயெடுத்தார். நான்தான் ‘நீங்க உடுங்க’ என்று சொன்னவன். இலையை மூடிவிட்டு, அவரிடம் சொல்லிக்கொள்ளாமலே எழுந்து பஸ் ஏறினேன்.

நாளைக்கே போய்ப் பேச வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்தேன். ஆனால் ஐந்து வாரம் போகவில்லை. உடம்பு சரியில்லை, கம்பெனியில் ஆடிட், மழை என்று எனக்கு நானே ஏதேதோ சொல்லிக்கொண்டேன். வீடியோவை மட்டும் எடுத்துவிட்டேன், சத்தமில்லாமல்.

கடைசியில் ஒரு மதியம் அவர் வீட்டைத் தேடிப் போனேன். பத்திரிகைக் கடைக்குப் பின்பக்கம்தான் வீடு. பாய் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். நான் தரையைப் பார்த்தபடி சொன்னேன்.

“பாய், அந்தப் பள்ளம் எதுக்குன்னு எனக்குத் தெரியாமப் போச்சுங்க. நீங்க சொல்ல வந்தீங்க, நாந்தான் கேக்கல. தப்புப் பண்ணிப்போட்டேனுங்க.”

“அட, அதுக்கென்னங்க சார்.”

“கிதார வாங்கறப்பவாவது ஒரு வார்த்தை திட்டியிருக்கலாமுங்களே.”

“நீங்க அத்தன சந்தோசமா நின்னுட்டிருந்தீங்க சார். எப்பிடிங்க சொல்றது?”

அப்போது அவர் மனைவி டீ கொண்டுவந்தார். தட்டை ஸ்டூலின் மேல் வைத்துவிட்டு, கோபமே இல்லாத குரலில், “அண்ணா, நீங்க வீடியோவுல சொன்னீங்களே ஒரு புண்ணியவான், அது நாந்தானுங்க,” என்றார்.

“ஏம்மா, சும்மாரு,” என்றார் பாய்.

“இருக்கட்டுங்க, அவருந்தான் தெரிஞ்சுக்கட்டும்.”

அந்தம்மா நின்றபடியே சொன்னார். பாய் முன்பு ஒரு அச்சகத்தில் வேலை பார்த்தார். பேப்பர் வெட்டும் மிஷினில் விரல் போனது. அதற்குப் பிறகு ஒரு வருடம் கிதாரைப் பீரோவுக்கு மேலே போட்டுவிட்டுத் தொடவேயில்லை. இந்தம்மாதான் இறக்கி அவர் மடியில் வைத்தார். அவரைப் பிடிக்கச் சொல்லி, மொட்டை விரல் படுகிற இடத்தில் கண் மையால் அடையாளம் வைத்து, கரண்டிக் காம்பில் உப்புத்தாளைச் சுற்றித் தேய்த்தார். கொஞ்சம் தேய்ப்பது, அவர் பிடித்துப் பார்ப்பது, மறுபடியும் மை வைப்பது.

“மழைக்காலத்துல ஆரம்பிச்சேன், நோம்பு வரைக்கும் இழுத்துப்போச்சுங்க. எனக்குத் தச்சு வேலை தெரியுமுங்களா? கோணலாத்தான் வந்துச்சு. அவருக்குச் சரியா இருந்துச்சுங்க.”

நான் அழுதிருந்தால்கூடத் தேவலை. “மறுபடியும் செஞ்சு குடுத்தர்றேனுங்க,” என்றேன்.

“நீங்க பசையை மட்டும் எடுத்துக் குடுங்கண்ணா. தேய்க்கறத நான் தேய்ச்சுக்கறேன்.”

மூன்று ஞாயிற்றுக்கிழமை போனேன். எபாக்ஸி கல்லாக இறுகியிருந்தது. சுரண்டச் சுரண்ட நல்ல மரமும் சேர்ந்து வந்தது. பிறகு அந்தம்மா மை வைத்துத் தேய்த்தார். நான் கிதாரை அசையாமல் பிடித்துக்கொண்டேன். பாதி ஆழம் போனதும் என்னால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நெக்குக்குள் ஒரு இரும்புக் கம்பி ஓடும். நெக்கை நான் மெலிதாக இழைத்துவிட்டதால், இதற்கு மேல் தேய்த்தால் கம்பி வெளியே தெரிந்துவிடும். அந்தம்மா உப்புத்தாளைக் கீழே வைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

பாய் வாசித்துப் பார்த்தார். இரண்டு பாட்டு வரைக்கும் நிற்கிறது, அப்புறம் விரல் வலித்து வழுக்குகிறது. புதிதாக ஒரு நெக்கே செய்து, வேண்டிய ஆழத்துக்குப் பள்ளமும் எடுத்துத் தருகிறேன் என்றேன். “வேண்டாமுங்க சார், இதுவே போதுமுங்க,” என்றார். அதன் பிறகு நானும் வற்புறுத்தவில்லை. இப்போது குழுவில் மெதுவான பாட்டுகளுக்கு மட்டும் கிதார் எடுக்கிறார், மற்றதுக்குக் கஞ்சிரா.

நடந்ததை உள்ளபடி சொல்லி நான் ஒரு வீடியோ போட்டிருக்கலாம். ஒரு தரம் கேமரா முன் உட்கார்ந்தும் பார்த்தேன். முதல் வரிக்கு மேல் வாய் வரவில்லை. இன்றுவரை போடவில்லை.

போன மாதம் பாய் மகளுக்குக் கல்யாணம். அவர் கடையிலேயே அடித்த பத்திரிகையை வீட்டுக்கு வந்து கையில் கொடுத்துப் போனார். நானும் மனைவியும் போனோம். பாய் வாசலுக்கே வந்து என் தோளில் கை போட்டுச் சொந்தக்காரர்கள் நடுவில் கூட்டிக்கொண்டு போனார்.

“இவருதானுங்க நம்ம கிதார ரெடி பண்ணிக் குடுத்தவரு. பெரிய வேலைக்காரரு.”

எல்லோரும் மரியாதையாகக் கையெடுத்தார்கள். இல்லைங்க, நான் கெடுத்தவன் என்று ஒரு வார்த்தை சொல்ல அதைவிட நல்ல இடம் கிடையாது. அவர் மனைவி எதிரிலேயே நின்றிருந்தார். நான் பதிலுக்குக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் பந்தியில் போய் உட்கார்ந்தேன். அந்தம்மாவே வந்து பிரியாணி வைத்து, “நல்லாச் சாப்பிடுங்கண்ணா,” என்றார். தலையை நிமிர்த்தாமல் சாப்பிட்டேன்.