ரிட்டர்ன் டிக்கெட் போடாத தாய்மாமன்

நான் குடியிருக்கும் அடுக்குமாடிக்குக் கீழே தேநீர்க் கடை வைத்திருக்கும் மலாய்க்கார அம்மா, ஆறு வருடமாக என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார். "பாலேக் பிலா?" ஊருக்கு எப்போது திரும்புகிறாய் என்று அர்த்தம். நம்மூரில் "சாப்பிட்டாச்சா" என்று கேட்பதுபோல, பதிலை எதிர்பார்க்காமல், தேநீரை ஆற்றிக்கொண்டே கேட்பார். கிள்ளானுக்கு வந்த புதிதில் முதல் தடவை அதைக் கேட்டபோது, பாதித் தேநீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். வந்து ஒரு வாரம் ஆகவில்லை, அதற்குள் துரத்துகிறார்களே என்று ரோஷம். மறுநாள் காலை தலைவலி வரும்வரை அந்த ரோஷம் நீடித்தது. பிறகு அதே கடையில் அதே நாற்காலியில் போய் உட்கார்ந்தேன்.

கடலூர்க்காரனுக்கு அந்தக் கேள்வி சாதாரணமானதில்லை. வந்தவரிடம் எப்போது கிளம்புகிறீர்கள் என்று கேட்பதைவிட, சாப்பிடுகிற இலையை நடுவில் உருவிவிடலாம். முதுநகரில் எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் அவர் எந்த பஸ்ஸைப் பிடிப்பார் என்பது அம்மாவுக்குத் தெரியும். ஆனால் வாயைத் திறக்க மாட்டார். அவராகவே எழுந்தால், "என்னா அதுக்குள்ள?" என்று பையைப் பிடுங்கி உள்ளே வைப்பார். அக்கா சிதம்பரத்தில் வாழ்க்கைப்பட்ட புதிதில், விருந்துக்கு வந்த மாமாவின் ஒரு செருப்பை அரிசி டிரம்முக்குள் போட்டு மூடிவிட்டார். மாமா மூன்று நாள் ஒற்றைச் செருப்போடு எங்கள் வீட்டில் சிறையிருந்தார். கீழவீதியில் டூவீலர் மெக்கானிக் கடை வைத்திருக்கும் அவர் இன்றைக்கும் வண்டி விட வருகிறவர்களிடம் சொல்லிப் பெருமைப்படும் கதை அது. "எங்க மாமியா வூட்ல செருப்ப ஒளிச்சு வெச்சாங்க, தெரியுமா? ஒங்க மாமியா வூட்ல செருப்ப எடுத்து வாசல்ல வெப்பாங்க!"

இப்போது சிறையிருப்பவன் நான். என் விஷயத்தில் ஒளிந்திருப்பது பாஸ்போர்ட். நான் வேலை பார்க்கும் கிடங்கில், பெர்மிட் புதுப்பிக்க என்று வாங்கிக்கொண்டு, பதிலுக்கு ஒரு ரசீது கொடுத்திருக்கிறார்கள். போய்க் கேட்டால் அடுத்த வாரம் என்பார்கள். அந்த அடுத்த வாரம் எத்தனையோ வாரங்களாக வந்துகொண்டே இருக்கிறது. அந்தச் சமயத்தில்தான் அக்கா மகளுக்கு மூன்று வயது நடந்துகொண்டிருந்தது. எங்கள் பக்கம் ஒற்றைப்படை வயதில் காது குத்துவார்கள், தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்துவார்கள். ஒரு வயதிலேயே முடிந்திருக்க வேண்டியது. நான் வர முடியாததால் திருவந்திபுரத்தில் மொட்டையை மட்டும் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டார்கள். இனியும் தள்ளினால் ஐந்துதான். அக்காவின் மாமியார் அதற்கு ஒப்பவில்லை. திட்டக்குடியில் எங்கள் சித்தப்பா மகன் செந்தில் இருக்கிறானே என்று ஞாபகப்படுத்தினார். "அவனும் தம்பிதான? அவன் மடியும் மடிதான?"

அக்கா போனில் இதைச் சொன்னபோது சத்தமாகச் சிரித்தேன். அதன்பின் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. செந்தில் நல்லவன். அதுதான் தொந்தரவே. குடிகாரனாக இருந்திருந்தால் ஏதாவது சொல்லித் தடுத்திருக்கலாம். பிறந்ததிலிருந்து அந்தப் பிள்ளையை நான் நேரில் பார்த்ததில்லை. மடியும் கைமாறிவிட்டால் அதற்கு நான் யார்? செல்போனில் அவ்வப்போது தலைகாட்டும் ஒரு மீசை.

வழி சொன்னவர் மாமா. "நீ வர முடியாட்டி போவுது மச்சான், நாங்க வரோம். இப்பதான் விசாவே வேணாங்கிறானே. மடி எங்க இருக்குதோ அங்க காத கொண்டாந்துட்டாப் போச்சு."

விசா வேண்டாம் என்றால் எதுவுமே வேண்டாம் என்று நம்மவர்கள் நினைத்துக்கொள்வார்கள். நான் அப்படிப்பட்டவன் இல்லை. அறைத் தோழர்கள் என்னை 'இமிகிரேஷன்' என்றுதான் கூப்பிடுவார்கள். யார் வீட்டிலிருந்து யார் வந்தாலும் ஆலோசனை என்னிடம்தான். பாஸ்போர்ட்டில் ஆறு மாதமாவது உயிர் இருக்க வேண்டும், கிளம்புவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகை அட்டையை நிரப்ப வேண்டும், தங்குமிடம் காட்ட வேண்டும், கைச்செலவுக்கு இருக்கிறது என்று காட்ட வேண்டும், முப்பது நாளுக்குள் திரும்பும் டிக்கெட் கையில் வேண்டும். பல் துலக்கிக்கொண்டே ஒப்பிப்பேன். மாமாவுக்கும் ஒப்பித்தேன். பிள்ளையின் பாஸ்போர்ட் படத்துக்குக் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு கூடாது என்றேன். அக்கா கோபப்பட்டு, கன்னத்துப் பொட்டை அழித்துவிட்டு உள்ளங்காலில் வைத்துப் படம் எடுத்தாளாம். வருகை அட்டையை மேலவீதி பிரவுசிங் சென்டரில் நிரப்பினார்கள். வரும் நோக்கம் என்ற கட்டத்தில் காதுகுத்து இல்லாததால் மாமா அங்கிருந்தே போன் செய்தார். "சுற்றுலான்னு போட்றவா மச்சான்? பொய்யில்லியே?" போடுங்கள் என்றேன்.

டிக்கெட் என் பொறுப்பு. வருவதற்குத் தேதி போட்டேன். திரும்புவதற்குத் தேதி கேட்கும் கட்டம் வந்தது. அக்காவிடம் கேட்க மூன்று முறை போன் செய்து, மூன்று முறையும் அங்கே மழையா என்று விசாரித்துவிட்டு வைத்தேன். நானாக ஒரு தேதி போட்டால், வருவதற்கு முன்பே போகும் நாளைக் குறித்துவிட்டான் என்றாகும். வந்து நாலு நாள் இருக்கட்டும், அவர்களாகப் பேச்செடுக்கும்போது, "என்னா அதுக்குள்ள?" என்று ஒருமுறை தடுத்துவிட்டு, அப்புறம் போட்டுக்கொள்ளலாம். ஒருவழி டிக்கெட்டை மட்டும் அனுப்பிவைத்தேன். ஊருக்கெல்லாம் சட்டம் சொன்ன இமிகிரேஷன், சொந்த அக்காவுக்கு மரியாதை செய்த லட்சணம் இது.

சென்னையிலேயே கேட்டிருக்கிறார்கள். "ரிட்டனு எல்லாம் எங்க மச்சான்கிட்ட இருக்குது சார், அவரு கரெக்டா வெச்சிருப்பாரு" என்று மாமா அடித்துச் சொன்ன வேகத்தில் விமானம் ஏற்றிவிட்டார்கள். நான் கோலாலம்பூர் விமான நிலையத்தில், வெளியே வருகிறவர்களைப் பார்க்கும் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த விமானத்தில் வந்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். விமானப் பணிப்பெண்களும் போய்விட்டார்கள். தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது.

"அண்ணே, நீங்கதான் மச்சானா?" குடிநுழைவு என்று இங்கே சொல்லும் இமிகிரேஷன் அலுவலகத்தில் வேலை பார்க்கும் இந்நாட்டுத் தமிழ்ப் பெண். "இவுங்க மூணு பேரும் இங்க ரூம்ல இருக்காங்க. எத்தன நாள் தங்குவீங்கன்னு எங்க ஆபிசர் கேட்டாரு. மச்சான் சொல்ற வரைக்கும்ங்கிறாரு இவரு. மச்சான் எப்ப சொல்வாருன்னா, சொல்லவே மாட்டாரு, அது மரியாதை இல்லங்கிறாரு. எழுதிக்கிட்டிருந்தவரு பேனாவ வெச்சிட்டாரு."

"அது வந்து... காதுகுத்துங்க. என் மடியிலதான் குத்தணும்."

"தெரியும்ணே. எனக்கும் மாமா மடியிலதான் குத்துனாங்க. அதுக்கு எங்ககிட்ட ஃபாரம் இல்ல. ரிட்டன் டிக்கெட் வேணும். அர மணி நேரத்துல வரலன்னா திரும்பற ஃப்ளைட்ல ஏத்திடுவாங்க. உங்க பாஸ்போர்ட்டையும் படம் புடிச்சு அனுப்புங்க."

"பாஸ்போர்ட் கம்பெனில இருக்குங்க. ரசீது இருக்கு."

"அதையாவது அனுப்புங்கண்ணே." சுவருக்கு அந்தப் பக்கம் அறைக்குள் அடைபட்டிருந்த மூன்று பேரிடமும் பாஸ்போர்ட் இருந்தது. வெளியே சுதந்திரமாக நின்ற என்னிடம் ஒரு ரசீது. அக்காவிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். வாழ்நாளில் யாரிடமும் கேட்காத கேள்வியை, எத்தனையோ வருடம் கழித்துப் பார்க்க வந்த அக்காவிடம் கேட்டேன்.

"அக்கா, எப்பக்கா கெளம்புற?"

"இன்னும் ஒன் மூஞ்சியே பாக்கலடா."

பின்னால் பிள்ளை அழுதது. மாமா போனை வாங்கினார். "என்னா மச்சான், ஒரு வா தண்ணி குடுக்கல, அதுக்குள்ள டிக்கெட்டு போடுறியா?"

விளக்கினேன். முப்பது நாள் போடட்டுமா என்றேன். "முப்பதா? கடைய யாரு பாக்குறது?" அஞ்சு நாள் என்றேன். "அஞ்சா" என்றார் மாமா, மெதுவாக. பத்து என்று ஏற்றினேன், எட்டு என்று இறக்கினேன். விருந்தாளியை ஏலம் போட்ட முதல் கடலூர்க்காரன் நானாகத்தான் இருப்பேன். அதற்குள் அந்தப் பெண் போனைத் திரும்ப வாங்கிவிட்டாள். "ஏழு நாள் போடுங்கண்ணே. நேரம் ஆவுது."

"நீங்க சொன்னதா அவுங்ககிட்ட சொல்லிடுங்களேன், ப்ளீஸ்."

பிறகு அந்த அறை முழுக்கக் கேட்கும்படி அவள் சொன்னது என் காதிலும் விழுந்தது. "ஏழு நாள்தான். நாங்கதான் சொல்றோம்." மாமாவின் குரலில் உடனே தெம்பு வந்துவிட்டது. "கவர்மெண்ட்டே சொல்லிட்டா நீ என்னா பண்ணுவ மச்சான்! போடு, போடு!"

டிக்கெட்டும் ரசீதும் போய்ச் சேர்ந்ததும் வெளியே வந்தார்கள். ரயிலில் போகும்போது அக்கா பாஸ்போர்ட்டைப் பிரித்துப் பார்த்தாள். முத்திரையில் முப்பது நாள் என்றிருந்தது. என்னைப் பார்த்தாள். மூடிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். நான் ஜன்னல் வழியாக மலேசியாவை மும்முரமாக ரசித்தேன்.

மூன்றாம் நாள் கிள்ளானில் ஒரு சின்னக் கோயில் மண்டபத்தில் சடங்கு நடந்தது. நான் கொடுக்க வேண்டிய தோட்டையும் பாவாடையையும் அம்மா கடலூரில் வாங்கிக் கொடுத்தனுப்ப, அக்காவே சுமந்து வந்து, என் கையில் கொடுத்து, என்னிடமிருந்தே வாங்கிக்கொண்டாள். பிள்ளையை மடியில் வைத்தார்கள். மூன்று நாள் பழக்கம்தான். அப்போதுதான் என் விரலைப் பிடித்து நடக்க ஆரம்பித்திருந்தாள். "ஆடாம இறுக்கிப் புடிங்க" என்றார் ஆசாரி. பிடித்தேன். அவள் வீறிட்டுக்கொண்டு, காரியம் செய்த ஆசாரியை விட்டுவிட்டு, என்னைத் திரும்பிப் பார்த்தாள். இரண்டாவது காதுக்கு என் மணிக்கட்டைக் கடித்துவிட்டாள். மாமா செல்போனில் படம் பிடித்துக்கொண்டே, "புள்ள அழுவுறது சரி, நீ ஏன் மச்சான் அழுவுற?" என்றார்.

ஏழாம் நாள் அவர்களை ஏற்றிவிடப் போனேன். பாஸ்போர்ட் உள்ளவர்கள் மட்டும் என்ற வாசலில் நின்றுகொண்டேன். அக்கா திரும்பி நின்று எதையோ கேட்க வந்தாள். நீ எப்போது வருவாய் என்பதாகத்தான் இருக்கும். கேட்காமல், "சட்டைய இஸ்திரி போட்டுப் போடுடா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

காது ஆறிவிட்டதாம். சிதம்பரத்தில் பார்த்தவர்கள் எல்லோரும் தோடு அழகு என்றார்களாம். செந்தில் வந்தால் ஓடிப்போய் அவன் மடியில்தான் உட்கார்ந்துகொள்கிறாளாம். வாரம் ஒருமுறை வீடியோவில் கூப்பிடுகிறேன். திரையில் என் முகம் தெரிந்ததும் இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொள்கிறாள். "மாமாடி, அவ்ளோ தூரத்துலேர்ந்து எப்பிடிக் குத்துவாரு?" என்று அக்கா கையை விலக்குகிறாள். விலக்க விலக்கப் பொத்துகிறாள். வேறு யாருக்கும் அவள் இப்படிச் செய்வதில்லையாம். சிதம்பரத்தில் ஒருத்தி என்னை மறக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, அவளுக்குக் கேட்காத பேச்சைப் பேசிக்கொண்டே இருக்கிறேன்.