அப்பாவைப் பூட்டிவிட்டுக் கிரிவலம்

போன பௌர்ணமி மாலை, திருக்கழுக்குன்றத்தில் மலையைச் சுற்றி வந்த கூட்டத்தில் என் பெரியப்பா மகன் செந்தில் அண்ணனைப் பார்த்தேன். வெறுங்கால். இடுப்பில் துண்டு. நெற்றி நிறையத் திருநீறு. சுற்றை முடித்துவிட்டு மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தான்.

“என்னண்ணே, திடீர் பக்தி?”

“அப்பாவுக்குத் தூக்கமே வரல பாப்பா. ராத்திரி பூரா முழிச்சிக்கினு, கேட்டப் புடிச்சிக்கினு நிக்கிறாரு. யார்கிட்டயும் பேச்சே இல்ல. அதான், பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலைய சுத்துறேன்னு வேண்டிக்கினேன்.”

நெகிழ்ந்துபோனேன். இந்தக் காலத்தில் இப்படி ஒரு மகனா! அடுத்த கேள்வியைக் கேட்காமல் இருந்திருந்தால், நெகிழ்ந்தபடியே ஊர் திரும்பியிருப்பேன்.

“பெரியப்பா எங்கே?”

“வூட்லதான். கேட்டப் பூட்டிட்டு வந்துட்டேன். சேஃபா கீறாரு.”

வாசகர்களே, ஒரு கணம் இதை எண்ணிப் பாருங்கள். நடந்தால் தூக்கம் வரக்கூடிய மனிதர் வீட்டுக்குள் பூட்டப்பட்டிருக்கிறார். அவருக்குத் தூக்கம் வர வேண்டும் என்று அவருடைய மகன் நடக்கிறான். நோய் ஒருவருக்கு... மருந்தை விழுங்குவது இன்னொருவர்! இந்த நியாயத்தை எந்தச் சபையில் போய்ச் சொல்வது?

பெரியப்பா, செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகும் அவர் ஓய்ந்ததில்லை. விடிந்ததும் மலையை ஒரு சுற்று. பிறகு பஸ் ஸ்டாண்ட் டீக்கடை. வருகிற போகிற டிரைவர்களிடமெல்லாம் வம்பு. ஹாரன் சத்தத்தைக் கேட்டே எந்த ஊர் வண்டி என்று சொல்லிவிடுவார்.

கொரோனா வந்தது. அண்ணன் கேட்டுக்கு ஒரு பூட்டு வாங்கினான். அன்றைக்கு அது தேவைதான், மறுப்பவர் யாருமில்லை. பிறகு அரசாங்கம் ஊரடங்கை விலக்கிக்கொண்டது. அண்ணன் பூட்டை விலக்கிக்கொள்ளவில்லை! முதலில் கிருமி என்றான். பிறகு தெருநாய் என்றான். பிறகு ஜல்லி லாரி. கோடையில் வெயில் தாக்கும்; மழையில் கால் வழுக்கும். காரணங்கள் பருவத்துக்குப் பருவம் மாறின. பூட்டு மட்டும் நிலையாக நின்றது. அவனும் அண்ணியும் வேலைக்குக் கிளம்பினால் பெரியவர்கள் இருவரும் உள்ளே, சாவி அவன் பையில். உள்ளே தீப்பிடித்தால் என்ன செய்வார்கள் என்று அந்த வீட்டில் ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அவனோடு வீட்டுக்குப் போனேன். கூடத்தில் டிவி தன்பாட்டுக்குக் கத்திக்கொண்டிருந்தது. அதன் முன்னே பிளாஸ்டிக் நாற்காலியில் பெரியப்பா, தலை மார்பில் சாய, அரைத்தூக்கத்தில் இருந்தார். தெருமுனையில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவர் தலை நிமிரவில்லை.

மூலையில், உட்கார்ந்தபடி பெடல் மிதிக்கும் இயந்திரம் ஒன்று. அதன்மேல் இரண்டு துண்டுகள் காய்ந்துகொண்டிருந்தன.

“டாக்டரு கைகால அசைக்கச் சொன்னாருன்னு வாங்கிப் போட்டேன். தொட மாட்டேன்றாரு” என்றான் அண்ணன்.

கண்ணைத் திறக்காமலே பெரியப்பா சொன்னார்: “போவாத வண்டிய ஓட்டச் சொல்றான் பாப்பா.”



“இதான் பேஜாரு” என்றான் அண்ணன். “வர்ற வாரம் டாக்டர்கிட்ட இட்டுகினு போயி, தூக்க மாத்திரைய ஏத்திக் குடுக்கச் சொல்லப் போறேன்.”

அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை. பகல் முழுதும் நாற்காலியில் உறங்குகிறவருக்கு இரவில் உறக்கம் எங்கிருந்து வரும்? களைக்காத உடம்பு எப்படிக் கண்ணயரும்? நாலு முகம் பார்க்காத மனம் எப்படி ஆறும்? பூட்டைத் திறக்காமல் மாத்திரையைக் கூட்டுவது எந்த ஊர் வைத்தியம்? அடுக்கடுக்காகக் கேட்டேன். நான் பேசும் பட்டிமன்ற மேடையாக இருந்திருந்தால் கைத்தட்டல் கிடைத்திருக்கும்.

“நிறுத்து! இது இன்னா பட்டிமன்றமா? நாளைக்கு ரோட்ல வுழுந்தா நீயா வந்து தூக்குவ? ஊரு என்னத்தான கேக்கும்?”

அந்தப் பயம் பொய்யல்ல. ஆனால் விழுந்துவிடுவாரே என்று பயந்து உட்காரவைத்தே கால்களை வலுவிழக்கச் செய்கிறோம்... விழுவதற்கு இதைவிடச் சிறந்த ஏற்பாடு உண்டா?

“எங்கப்பா எனக்குத் தெய்வம் மாதிரி” என்று முடித்தான் அண்ணன். அவன் குரல் தழுதழுத்தது. நிஜமாகவே தழுதழுத்தது — அதுதான் என் கோபத்தை இரட்டிப்பாக்கியது.

தெய்வமாம்! மேடைகளில் நாங்களும் இதைத்தானே முழங்குகிறோம், மாதா பிதா தெய்வமென்று. சரி, தெய்வமென்றே வைத்துக்கொள்வோம். அந்த ஊர்ச் சாமியே சித்திரையில் கோயிலை விட்டுப் புறப்பட்டு மலையைச் சுற்றி வருகிறார். மேளம் உண்டு, கூட்டம் உண்டு, காற்று உண்டு. சாமி வழுக்கி விழுந்துவிடுவாரென்று எவரும் கதவைப் பூட்டுவதில்லை. தெய்வமென்று சொன்ன வாய், தெய்வத்துக்குள்ள சலுகையையாவது தர வேண்டாமா?

இதையும் சொன்னேன். பூட்டு அசையவில்லை. அண்ணனும்தான்.

அப்போது சமையலறையிலிருந்து பெரியம்மாவின் குரல் வந்தது.

“ஏய் மைக்கு, கொஞ்சம் மூச்சு வுடு.” என்னை அவர் அழைப்பது அப்படித்தான். கரண்டியோடு வாசற்படியில் வந்து நின்றார். “டேய் செந்திலு, போன பௌர்ணமிக்கு மலைய சுத்தினியே, அன்னிக்கு இன்னா ஆச்சு?”

“இன்னா ஆச்சு?”

“அடிச்சுப் போட்டா மாதிரி தூங்குன. உன் கொறட்ட தெருவுக்கே கேட்டுது. சாமி கரெக்டாதான்டா கீது. எவன் சுத்துறானோ அவனுக்குத்தான் தூக்கத்தக் குடுக்குது. அவரு சுத்துனா அவருக்குக் குடுக்கும். தொற கதவ!”

 என் அத்தனை கேள்விகளுக்கும் பதில் வைத்திருந்த அண்ணன், சாமி பெயரைக் கேட்டதும் பையிலிருந்து சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தான்.

நாற்காலி கிரீச்சிட்டது. பெரியப்பா எழுந்துகொண்டிருந்தார். சுவரைப் பிடித்தபடி வாசலுக்கு வந்து, செருப்பைத் தேடி எடுத்தார். போடாமலே கிடந்து அதன் வார் விறைத்திருந்தது. தூக்கி ஓரம் போட்டார். “சாமி சுத்த செருப்பு எதுக்கு?”

நிலா மேலேறிக்கொண்டிருந்தது. கூட்டத்தோடு கூட்டமாக மெதுவாக நடந்தார். கொஞ்ச தூரத்துக்கு ஒரு முறை உட்கார்ந்தார். பழைய டிரைவர் ஒருவர் அடையாளம் கண்டு, “அண்ணாத்த! இன்னா, உசுரோட கீறியா?” என்று கையைப் பிடித்துக்கொண்டார். ஏற்கெனவே ஒரு சுற்று முடித்திருந்த அண்ணன், காலை இழுத்துக்கொண்டு எங்கள் பின்னால் வந்தான்.

பின்னால் ஒரு பஸ் ஹாரன். பெரியப்பா திரும்பவில்லை. ஆனால் சொன்னார்:

“செங்கல்பட்டு வண்டி. கியர மாத்தாம இஸ்துகினு வர்றான் பாரு, பாவி.”

அந்த வசவைக் கேட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பாதிச் சுற்றில் அவர் கால் ஓய்ந்தது. ஆட்டோ பிடித்துத் திரும்பினோம்.

மறுநாள் காலை போன் செய்தேன். அண்ணன் குதூகலமாக எடுத்தான்.

“பாப்பா! அப்பா அசந்து தூங்கினாரு. பாத்தியா, என் வேண்டுதல் பலிச்சிடுச்சி! அடுத்த பௌர்ணமிக்கும் கண்டிப்பா கூட்டினு போறேன்.”

அடுத்த பௌர்ணமிக்கு! தூக்கம் என்ன நிலாவைப் பார்த்தா வரும்? அது தினமும் வேண்டிய பொருளல்லவா?

“அதுவரைக்கும்?” என்று கேட்டேன்.

பையைத் துழாவுகிற சத்தம் கேட்டது. பிறகு, பெரியம்மாவின் குரல்:

“சாவி என் முந்தானைல கீதுடா. நீ ஆபீசுக்குக் கெளம்பு.”

ஊர் முழுக்க என்றோ முடிந்த ஊரடங்கு, அந்த வீட்டில் அன்றுதான் முடிந்தது.